தொப்புள் உள்ள கோலி

பழைய கோலிகுண்டு வாங்கப் போகிறவன் முதலில் பழக வேண்டியது, முகத்தைச் சும்மா வைத்திருப்பது. பிடித்துவிட்டது என்று தெரிந்தால் விற்கிறவன் விடமாட்டான். இவ்வளவு நடந்தும் என் முகத்தில் ஒன்றுமே இல்லையே என்று உங்கள் ஏட்டையா வருத்தப்பட்டார். அது கல்மனசு இல்லைங்க சார். பழக்கம்.

என் பெயர் நிதீஷ். ஊர் பல்லடம் பக்கம், அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. இங்கே காலேஜில் மூன்றாம் வருடம். போத்தனூரில் பொங்கியண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அவரும் அவர் மனைவி பழனாத்தாளும். அவர் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. உயிரோடு இல்லை என்று சொல்ல வேண்டும்.

கோலி சேர்க்கும் கிறுக்கு எனக்குப் புதிது. உக்கடத்தில் ஒருவர், நூறு வருடத்துச் சரக்கு என்று ஒரு பை கொடுத்தார். என் வகுப்பில் படிக்கும் தல்ஹாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் வாப்பா பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டினான்.

"மாப்ள, இது மெசின் கோலி. உன்னைவிடச் சின்னப் பையன். காதுகுத்து வெச்சா சொல்லியனுப்பு, மொய் வெக்கறேன்."

பிறகு கடையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்று காட்டினான். அந்தக் காலத்தில் கண்ணாடிக் கம்பியைச் சூடாக்கி, உருட்டி, ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்களாம். வெட்டிய இடத்தில் சொரசொரப்பாக ஒரு தழும்பு நிற்கும். அவன் அதைத் தொப்புள் என்றான். "தொப்புள் இருந்தா கையில செஞ்சது. அப்பறம் பூர்வீகம் கேளு. யார் ஊட்டுல இருந்துச்சு, யார் கை வெளையாண்டுச்சுன்னு தெரியாத கோலி வெறும் கண்ணாடிடா."

அந்த அமாவாசைக்குப் பழனாத்தாளுக்கு வாழையிலை வாங்கிக் கொடுக்கப் போனேன். படையல் போடும் சின்ன அறையில், ஒரு பையனின் படத்துக்கு முன்னால், பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. உள்ளே கோலிகள். ஒன்றை எடுத்தேன். தொப்புள் இருந்தது. முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு அப்படி உத்துப் பாக்கறே?"

"தொப்புள் இருக்குதான்னு பாக்கறனுங்க அம்மா."

சிரித்தார். "கோலிக்கு எங்கீடா தொப்புளு?"

"ஒண்ணுல இருந்து அறுத்து எடுத்த தடமுங்க."

சிரிப்பு நின்றது. டப்பாவை வாங்கி மூடினார். மூடிய பிறகுதான் கதை சொன்னார். ரயில்வே காலனியில் இருந்த ஒரு சட்டைக்கார டிரைவர், ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது, தன் தாத்தா காலத்துக் கோலிகளைப் பழனாத்தாளின் மகன் மனோஜ்குமாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள் அதில் ஒன்று உருண்டு பின்கட்டுக் கிணற்றில் விழுந்தது. பையன் எட்டிப் பார்த்தான். அவனை மேலே தூக்கியபோது அந்தக் கோலி அவன் கைக்குள் இருந்தது. அது டப்பாவில் இல்லை. பழனாத்தாளின் முந்தானை முடிச்சில் இருந்தது. அவிழ்த்துக் காட்டினார். கருநீலம், உள்ளே வெள்ளையும் சிவப்புமாக முறுக்கிய நூல்.

விலைக்குக் கேட்டேன். முறையாகத்தான் கேட்டேன் சார்.

"அவன் சாமான அவனக் கேக்காம எப்படிங் கண்ணு விக்கறது?" என்றார். நியாயமான பதில். அவனைக் கேட்க வழி இருந்தால் விற்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவர்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்ததை வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். வந்தவர் சாப்பிடட்டும் என்று. பிறகு, திடுதிப்பென்று நுழைந்து அவரைப் பதறவைக்காமல், மெதுவாகக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். எழுந்து போக நேரம் கொடுக்கிற மரியாதை. கொங்கு நாட்டில் செத்தவருக்கும் 'ங்க' உண்டு.

அந்த அறைக்கு, மாடிப்படி பக்கம் ஒரு ஜன்னல். கம்பிகளுக்கு நடுவே என் கை போகும். டப்பா ஜன்னலுக்கு நேர் கீழே.

அடுத்த அமாவாசைக்கு ஒன்றே ஒன்று எடுத்தேன். படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டினார்கள், திறந்தார்கள். கோலிகளை எண்ணும் சத்தம் கேட்டது. அப்புறம் பழனாத்தாளின் குரல்: "ஏனுங்க, ஏனுங்க, ஒண்ணக் காணோமுங்க. எம்பையன் வந்துட்டுப் போயிருக்கறானுங்க." காது கேட்காத மனுசனுக்கு அதைக் கத்திக் கத்திச் சொன்னார். அன்றைக்குப் பாயசம் மாடிக்கு இரண்டு தடவை வந்தது. அந்த வீட்டில் ஒருவர் பாடுவதை அன்றுதான் கேட்டேன். நான் கெடுதல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அந்தப் பாயசத்தை நினைத்தால் தோன்றவில்லை.

பிறகு அமாவாசைக்கு அமாவாசை எடுத்தேன். கோலி குறையக் குறைய அவர் கதவை ஒட்டி வந்து நிற்கப் பழகிவிட்டார். கதவு சாத்தியிருக்கும்போதே வெளியிலிருந்து, "கண்ணு, அதிரசம் நல்லாருக்குதா?" என்று கேட்பார். நான் பதில் சொன்னதில்லை.

கடைசியில் டப்பா காலியானது. அன்று பழனாத்தாள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப வயசானவர் போலத் தெரிந்தார்.

"தீந்துபோச்சு கண்ணு. இனி எதுக்கு வருவான் அவன்?"

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே அம்மா."

முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இது அவங்கையில இருந்ததுடா சாமி. இதையுங் குடுத்துப்போட்டா, நா எதப் புடிச்சுக்கிட்டு இருக்கறது?"

எனக்கும் அது புரிந்தது. ஆனால் சேகரிப்பில் ஒன்று மட்டும் குறைந்தால் எப்படி இருக்கும் என்பது சேகரிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருப்பார்கள். அமாவாசையன்று மட்டும் பூப் போடத் திறப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது குற்றம் இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த அமாவாசை, உச்சிப்பொழுது. கதவு சாத்தியாயிற்று. ஜன்னலில் வாயை வைத்துச் சொன்னேன்: "ம்மா. அந்தக் கோலியக் கெணத்துகிட்டக் கொண்டா."

அவரை நான் தினமும் 'வாங்கம்மா, போங்கம்மா' என்றுதான் பேசுவேன். 'ங்க' இல்லாமல் பேசியது அன்று ஒருநாள்தான். அந்த மரியாதைக் குறைவை ஒத்துக்கொள்கிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு, "கண்ணு, அங்கீ குளுருதா?"

"ஆமா" என்றேன். அந்த ஒரு சொல் அதிகம்தான். கேள்வி கேட்டால் பதில் சொல்வது வளர்ப்பு.

"வாரேன் சாமி. இதா வாரேன்."

பொங்கியண்ணன் கதவைப் பார்த்தபடி கைகூப்பி நின்றிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் படியிலிருந்து பார்த்தேன். பழனாத்தாள் முடிச்சை அவிழ்த்து, கோலியை முந்தானையில் துடைத்து, கிணற்றுச் சுவர்மேல் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தார். சத்தம் பெரிதாக இல்லை.

இறங்கிப் போனேன். கோலி உருண்டுவிடும் என்று முதலில் அதை எடுத்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தொப்புள் இருந்தது. இரண்டு பக்கமும் தேயாமல் இருந்தது, அது அபூர்வம். அதற்குப் பிறகுதான் பொங்கியண்ணனைக் கூப்பிட்டேன். அவருக்குக் காது கேட்காததால் அதுவும் கொஞ்சம் தாமதம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன்தான் நான். கையில் கோலி இருந்தது.

இப்போது எல்லாம் பஞ்சு வைத்த தட்டில் இருக்கின்றன. காலையில் பார்த்தால் எல்லாக் கோலியும் தொப்புளை மேலே காட்டிக்கொண்டு நிற்கின்றன. தளம் சரிவாக இருக்கலாம். போன அமாவாசைக்குப் பொங்கியண்ணன் இரண்டு இலை போட்டார். நான் என் அறையில் கதவைத் தாழ் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக. உள்ளே இருப்பவர் எழுந்து போக நேரம் கொடுத்துத் தட்டுகிற மாதிரி. திறந்தால் யாரும் இல்லை. வாசற்படி மட்டும் ஈரமாக இருந்தது. அதற்குப் பயந்து நான் இங்கே வரவில்லைங்க சார். தல்ஹா கூட்டி வந்தான்.

அவனிடம் கருநீலத்தைக் காட்டினேன். கையில் வைத்துக்கொண்டு அசந்துபோய், "பூர்வீகம் என்னடா?" என்றான். அரைகுறையாகச் சொன்னால் வெறும் கண்ணாடியாகிவிடும் என்று முழுதாகச் சொன்னேன். கோலியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

பொங்கியண்ணனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்க சார். அவர் வீட்டம்மாவை நான் கூப்பிடவே இல்லை. கோலியைத்தான் கூப்பிட்டேன்.