ஆணியில் இல்லாத அட்டை

எந்த விழாவிலும் முதலில் பற்றாமல் போவது நாற்காலிகள்தான். எங்கள் ஓவியக் கூடத்தின் நூறாவது ஆண்டு விழாவுக்கு நானூறு சொல்லியிருந்தோம். முந்நூறுதான் வந்து இறங்கின. விழாவுக்கு முந்தைய நாள் மதியம் நான் அந்த அலைச்சலில் இருந்தேன். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு வருடமாக ஓவியக் கிடங்கு என் பொறுப்பு. உள்ளே போகிறவர் தன் பெயர் அட்டையை வாசல் ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், ஓவியங்களின் மரச்சட்டங்களை அரிக்கும் பூச்சியைக் கொல்ல விஷப்புகை போடுவோம். புகை போடுகிறவர் ஆணிகளைப் பார்ப்பார். காலியாக இருந்தால் கதவைப் பூட்டி, இடுக்குகளில் நாடா ஒட்டிவிடுவார். உள்ளே எட்டிப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

என் கணவர் அங்கே ஓவியங்களைப் பழுது பார்த்தவர். போய்ச் சேர்ந்து நான்கு வருடம். விழாவில் பெரிய அரங்குக்கு அவர் பெயரை வைப்பதாக இருந்தது. அவர் வேலையைப் பிறகு செய்துவந்தவள் என் மருமகள். தங்கமான பெண். எனக்கு முட்டி வலி என்றால் என் மகனுக்கு முன்னால் அவள்தான் தைலத்தோடு வந்து நிற்பாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் வந்தாள். ஊரே பார்க்க வரும் 'ஜன்னலோரப் பெண்' ஓவியத்தை, பழைய பூச்சையும் புதுப் பூச்சையும் பிரித்துக் காட்டும் புற ஊதா வெளிச்சத்தில் சோதித்திருந்தாள்.

"அத்தை, அந்த முகம் பழசே இல்ல. பழைய முகம் ஏதோ மருந்து பட்டு அழிஞ்சிருக்கு. மாமாதான் புதுசா வரைஞ்சிருக்கார்."

"தெரியும்மா. என் முகத்தைப் பார்த்துத்தான் வரைஞ்சார்."

"இத்தனை வருஷமா வாயத் திறக்கலையே. சரியான கல்லுளிமங்கன் அத்தை நீங்க." சிரித்தாள். "ஆனா இயக்குநர்கிட்டச் சொல்லித்தான் ஆகணும். மாமா பேரு கெடாம நான் சொல்றேன்."

சரி என்றேன். போகும்போது வேறு ஏதோ கேட்டாள். அது முக்கியமில்லை.

மறுநாள் மதியம் அவள் கிடங்கின் கடைசி அறையில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தாள். கனமான சுவர்கள்; அங்கே கைபேசி எடுக்காது. ஆணியிலிருந்து அவள் அட்டையை எடுத்து என் கைப்பையில் வைத்தேன்.

"உள்ள யாரும் இல்லையேம்மா?" என்றார் புகைக்காரர்.

"ஆணியைப் பாருங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது. கொஞ்ச நேரம்தான்.

விழா நன்றாக நடந்தது. அவர் பெயர்ப் பலகையைத் திறந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் மகன்தான் அவளைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். அவனை ஒரு வாய் சாப்பிட வைக்கப் பெரும்பாடு பட்டேன்.

அவள் கடைசியாக என்ன கேட்டாள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். "தாடையில மச்சம் இருக்கே, உங்களுக்கு இல்லையே அத்தை. யாரு அது?" என்றாள். சின்னப் பெண், விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். அவருக்குத் தூரிகை நழுவியிருக்கும். அந்தப் புள்ளி ஒன்றைத் தவிர, அது முழுக்க என் முகம்தான்.