முடிச்சுக்குள் நாலு ஸ்க்ரூ

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பஸ். மழைக்கு ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் ஒரு துணி முடிச்சு.

“எங்க வீட்டுக்காரரு அஸ்தியக் கரைச்சாச்சு. அவரோட ஸ்க்ரூ நாலும் இன்னும் என்கிட்டதான் கெடக்கு.”

அதற்கப்புறம் எனக்கு எங்கே தூக்கம்?

“எந்த ஸ்க்ரூக்கா?”

“இடுப்பு வலிக்கு ஆபரேஷன் பண்ணி, முதுகெலும்புல வச்சு முடுக்குனாங்கள்ல, அதுதான். எலும்பு பொறுக்கறப்ப சாம்பல்ல கெடந்துச்சு. இதெல்லாம் உடம்புல சேராதுன்னு பெரியவன் தனியா எடுத்து வச்சிட்டான்.”

“சரியாத்தானே செஞ்சிருக்கான்?”

“என்னத்த சரி? உசுரோட இருந்த வரைக்கும், உள்ள சில்லுன்னு இருக்கு, சில்லுன்னு இருக்குன்னு பொலம்புவாரு. இப்ப எரிச்சுப் பதினாறு நாளாச்சு, இதுக்குச் சூடு ஆறல. அதான் கடல்லயே போட்டுடலாம்னு போறேன். தொட்டுப் பாரு.”

இளையவள் முடிச்சைத் தொட்டாள். உடனே கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“வெயில்ல வச்சிருந்தியாக்கா?”

“மூணு நாளா ஏதுடி வெயிலு? ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கையோட பஸ் ஏறுறேன்.”