அலமாரி பதினொன்று

விலைமதிப்பற்ற பொருள் ஒன்றின் விலை மூன்று கோடியே பதினான்காயிரம். நிர்ணயித்தவன் நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை அது. பொருள் ஒரு களிமண் பொம்மை வண்டி. உள்ளங்கையில் அடங்கும், இரண்டு சக்கரம், நான்காயிரம் வருட வயது. பழைய பேரேட்டில் மதிப்பு என்ற இடத்தில் யாரோ அழகான கையெழுத்தில் 'விலைமதிப்பற்றது' என்று எழுதிவைத்திருந்தார்கள். கணினி அதை ஏற்காது. அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் விழும். மூன்று கோடி என்று மொட்டையாகப் போட்டால் வாய்க்கு வந்ததைச் சொன்னது போலிருக்கும். வாலில் ஒரு பதினான்காயிரத்தை ஒட்டினால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டது போலாகிவிடும். என் அப்பா பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தவர். வந்தவரின் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு விலை சொல்வார். அந்தக் கடையில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிதானமாகவே சொல்கிறேன் ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ள அவகாசம் வேண்டுமல்லவா.

அருங்காட்சியகங்களுக்கு ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்துவது என் தொழில். எந்தப் பொருள், எந்த அறை, எந்த அலமாரி, என்ன நிலை, என்ன மதிப்பு என்பதெல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும். திறந்த மூல மென்பொருள். எழுதியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். யாரும் காசு கேட்பதில்லை. உள்ளே எப்படி ஓடுகிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், வேண்டியபடி திருத்தியும் கொள்ளலாம். இதைவிட நாணயமான சரக்கை எங்கள் குடும்பத்தில் யாரும் கையால் தொட்டதில்லை. ஆனால் தலையில் கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சும்மா கிடைக்கிறது என்றால் மனிதர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. முதல் கூட்டத்தில் வேறோர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் கேட்டார்:

"ஓசியா? அப்ப இதுல என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க."

"கோளாறு இல்லாதத எவன்யா சும்மா கொடுப்பான்?"

அடுத்த கூட்டத்திலிருந்து பேச்சை மாற்றிக்கொண்டேன். இதே வேலையைச் செய்யும் மற்ற மென்பொருள்களின் ஆண்டுக் கட்டணத்தை முதலில் சொல்வேன். முகங்கள் சுருங்கும்வரை காத்திருப்பேன். பிறகு 'உங்களுக்காக' என்று ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி, இலவசத்தில் வந்து நிற்பேன். பேரம் பேசி அடித்து வாங்கிய திருப்தியோடு எழுந்து போவார்கள். அப்படித்தான் இந்த அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது. இங்கே நன்றாக ஓடினால் இன்னும் ஒன்பது சேரும் என்று அருங்காட்சியகத் துறை வாக்குக் கொடுத்திருந்தது.

இங்கே சேமிப்பறைகளுக்குப் பொறுப்பாளர் ஓர் அம்மாள். லேபிள் அக்கா என்பார்கள். எதைப் பார்த்தாலும் ஒரு சீட்டு எழுதி நூலால் கட்டிவிடுவார். தேநீர்க் கோப்பை, குடை எதுவும் தப்பாது. ஒருநாள் நாற்காலியில் கண்ணயர்ந்த காவலாளியின் சட்டைப் பொத்தானிலும் ஒரு சீட்டு தொங்கியது: 'நிலை: சுமார். பழுதுபார்த்துப் பயனில்லை.' பதினெட்டு வருடங்களுக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, முந்தைய பொறுப்பாளர் பேரேடுகளை மேசைமேல் அடுக்கிவைத்து, பதினெட்டாயிரம் சொச்சம் பொருள்களுக்கு ஒரே பிற்பகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் அக்கா எண்ண ஆரம்பித்தார்.

நான் வந்தபோது அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மூன்றாவது வாரம், பக்கத்தில் யாருமில்லையா என்று பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாத்தையும் எண்ணி ஒப்படைச்சாத்தான் தம்பி பென்ஷன். அந்த மண் வண்டிய நான் கண்ணால பார்த்ததே இல்ல. போட்டோவுலதான் பார்த்திருக்கேன். பதினெட்டு வருஷமா தேடுறேன். வீட்டுல சோறு போட உக்காந்தா கரண்டிக்குள்ள வந்து நிக்குது."

"இயக்குநர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னா, நீதானம்மா கையெழுத்துப் போட்டேம்பாரு. பெத்த மககிட்டகூடச் சொல்லல. நீ வெளியாளு, அதனால சொல்றேன்."

நான் செய்ததையெல்லாம் அந்த அம்மாளுக்காகச் செய்தேன் என்பதை இந்த இடத்திலேயே குறித்துக்கொண்டால் பின்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும்.

ஐந்து மாதம் எண்ணினோம். பேரேடுகளின்படி பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கைக்குக் கிடைத்தவை பதினெட்டாயிரத்து நூறு. முன்னூற்றுப் பன்னிரண்டு இல்லை; அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தவன் நான் மட்டும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை ஐயா. எந்த அருங்காட்சியகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் இவ்வளவு குறையும். இரவல் போய்த் திரும்பாதவை, உடைந்து குப்பைக்குப் போனவை, யாரோ ஒரு பெரிய மனிதரின் வரவேற்பறைக்குப் போனவை. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. என்னைத் திருடன் என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் சேமிக்காது. வண்டியின் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'அறை நான்கு, அலமாரி பதினொன்று' என்று அடித்தேன். பக்கம் மடமடவென்று சேமித்துக்கொண்டது. நான்காம் அறையில் இருந்தவை காலிப் பெட்டிகள், வைக்கோல், உடைந்த கண்ணாடிப் பேழைகள். யாரும் எட்டிப்பார்க்காத அறை. மீதி முன்னூற்றுப் பதினொன்றையும் அதே அலமாரிக்கு அனுப்பினேன். பதினாறடிப் படகு ஒன்று, கோட்டைக் கதவு ஒன்று, நாற்பது வாள், ஆறு வெண்கல மணி, எல்லாம் ஒரே அலமாரியில். வாசித்துப் பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சிரித்திருக்கும். யாரும் வாசிக்கவில்லை. திரையின் மேல்மூலையில் பச்சை எழுத்தில் நூறு சதவீதம் என்று வந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள். இயக்குநர் அதைப் படமெடுத்துத் துறைக்கு அனுப்பினார்.

அக்காவிடம் வண்டியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"கெடச்சிடுச்சா?" என்றார். பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நெசமாவா தம்பி? சக்கரம் ரெண்டும் இருக்கா?"

"ரெண்டும் இருக்குக்கா."

பிறகு ஒரு சீட்டை எடுத்து எழுதி என் மணிக்கட்டில் கட்டினார். 'நிலை: நன்று.' அன்று இரவு நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னார். பதினெட்டு வருடத் தூக்கத்தை ஒருவருக்கு ஒரு வரியில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கடையில் கிடைக்கும் அது?

பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், இயற்கைதானே. கரையானுக்கு மருந்துப்புகை போட்டு மூடியிருக்கிறது, மூன்று மாதம் திறக்கக்கூடாது என்றேன். சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பூட்டிலும் ஒரு சீட்டுக் கட்டினார்: 'உள்ளே மருந்து.' அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதவை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவார்.

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் கடிதம் வந்தது. ஒன்பது அருங்காட்சியகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வியாழக்கிழமை. திரையில் குலுக்கல் முறையில் இருபது பதிவுகளை எடுத்து, நேராக அலமாரிக்கு நடந்துபோய்ப் பொருளைப் பார்ப்பார்கள். இருபதில் ஒன்றாவது என்னுடைய முன்னூற்றுப் பன்னிரண்டில் விழ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வாய்ப்பு. இதைவிட மோசமான வாய்ப்புகளை வைத்துக்கொண்டு என் அப்பா கடை நடத்தியிருக்கிறார். ஆனால் இயக்குநர் உற்சாக மிகுதியில், குலுக்கலுக்கு முன்னால் அந்த வண்டியைக் காட்டித்தான் நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா புது நூல்கண்டு வாங்கிவந்தார்.

எனவே நான்காம் அறையை எரிப்பதுதான் யாருக்கும் நட்டமில்லாத வழி என்று பட்டது. காலிப் பெட்டிகள் எரியும். இல்லாத பொருள்கள் கணக்கில் எரியும். வயதான கட்டிடம், வயதான மின்கம்பி, யார்மேலும் பழியில்லை. விபத்தில் போன பொருளுக்குப் பென்ஷனைப் பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பார்வையாளர்களுக்கு விடுமுறை நாளான புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். பகல் ஒன்று இருபதுக்கு, எல்லாரும் சாப்பிட முற்றத்துக்குப் போன பிறகு, வைக்கோல் பக்கத்தில் ஒரு மின்சூடேற்றியை ஓடவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தேன். முற்றத்தில் தலைகளை எண்ணினேன். என்னோடு சேர்த்து ஏழு. ஏழும் இருந்தன. ஓர் ஆளுக்குக்கூடக் கீறல் விழக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிவப்பு அட்டை போட்ட கோப்பு ஒன்று இருந்ததை மட்டும் மறந்துவிட்டேன். அதை உண்டாக்கியவனும் நான்தான். தீப்பிடித்தால் எதை முதலில் மீட்க வேண்டும் என்று மென்பொருளே மதிப்பின்படி வரிசைப்படுத்தி அச்சடித்துக் கொடுக்கும். பயிற்சி வகுப்பில் நானே ஐந்துமுறை சொன்னேன்: யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், காகிதத்தில் முதலில் இருப்பதை முதலில் எடுங்கள்.

புகையைக் கண்டதும் அக்கா ஓடிப்போய் அந்தச் சிவப்புக் கோப்பினை எடுத்துவந்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, வண்டி நாலாம் ரூம்லதானே?"

இயக்குநர் நின்றிருந்தார், காவலாளி நின்றிருந்தார், எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். 'அங்கே ஒன்றுமில்லை அக்கா' என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும். புகை அப்போது மெல்லியதாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று ஒரு நிமிடத்தில் திரும்பிவிடுவார் என்பது என் கணிப்பு.

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்குக்கா," என்றேன். அது பொய்யில்லை.

"சாவியக் கொடு."

கொடுத்தேன்.

"அக்கா, வேணாம், தீயணைப்பு வந்துடட்டும்," என்றார் காவலாளி.

"அவங்களுக்கு என்னய்யா தெரியும், அது உள்ளங்கை அளவுதான் இருக்கும். தண்ணியப் பீச்சினாங்கன்னா நொறுங்கில்ல போயிடும்?" துண்டை வாளியில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

நான்கு நிமிடம் கழித்துக் காவலாளி சொன்னார், "சார், அக்கா இன்னும் வரலியே."

"தேடுறாங்க போலிருக்கு," என்றேன்.

தீயணைப்பு வண்டி வரப் பதினொரு நிமிடம் ஆனது. அதற்குள் காவலாளி இரண்டுமுறை உள்ளே போகப் பார்த்தார். இரண்டுமுறையும் அவர் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். ஓர் உயிரையாவது காப்பாற்றியிருக்கிறேன்.

விசாரணைக்கு நீங்கள் வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. அந்த அறையில் அலமாரிகள் பத்துதானே, பதினொன்று எங்கே என்று. இத்தனை மாதங்களில் அந்தப் பக்கத்தை வாசித்த முதல் ஆள் நீங்கள்தான் ஐயா, அந்த மரியாதைக்காகத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆமாம், பத்துதான். பத்தாவதைத் தாண்டினால் சுவர். அக்காவை அந்தச் சுவரோரம்தான் கண்டெடுத்தார்கள். எனக்கு அவரைத் தெரியும். வாசல் பக்கமிருந்து பத்துவரை எண்ணியிருப்பார். நாம்தான் புகையில் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து, திரும்பிப்போய் முதலிலிருந்து எண்ணியிருப்பார். கணினி தப்பாகச் சொல்லியிருக்கும் என்று மட்டும் நினைத்திருக்க மாட்டார். அந்த அளவுக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன்.

இடத்தைக் காலியாக விடக்கூடாது என்ற விதி மென்பொருளோடு வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதை எழுதியவர்கள் விவரமானவர்கள். பொருள்கள் காணாமல் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். 'இடம் தெரியவில்லை' என்று ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டவன் நான். அது இருந்தால் பச்சை எழுத்து தொண்ணூற்றெட்டிலேயே நின்றுவிடும். ஒன்பது பேரிடம் காட்டத் தொண்ணூற்றெட்டு போதாது. பத்து நிமிட வேலை. திரும்ப வைப்பதும் பத்து நிமிடம்தான். திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

அக்காவின் பென்ஷன் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பொருள்கள் அவர் பொறுப்பில் இருந்தபோது அழிந்ததால் நிறுத்திவைத்திருக்கிறார்கள். நானே துறைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினேன். மகள் ஒருநாள் வந்து, "அம்மா எதுக்கு சார் உள்ள போனாங்க?" என்று கேட்டாள். கடமை உணர்ச்சி என்றேன். அழுதாள். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

ஒன்பதும் சேர்ந்துவிட்டன. இப்படியொரு தீயிலும் எது அழிந்தது, எது மிஞ்சியது என்று அரைமணி நேரத்தில் பட்டியல் கொடுத்த மென்பொருள் என்று அதற்குப் பெயராகிவிட்டது. அந்த ஒன்பதில் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்களிடமும் கொஞ்சம் பொருள்கள் கண்ணில் படவில்லை, என்ன செய்யலாம் என்று விசாரித்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

சுருக்கமாக எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பொய்யாகப் பதிந்தது நான். தீ வைத்தது நான். அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தே சாவியைக் கொடுத்ததும் நான். மற்றபடி கணக்கில் தவறு கிடையாது. பேரேட்டின்படி 18,412. அலமாரிகளில் இருப்பவை 18,100. தீயில் அழிந்தவை 312. நீங்களே கூட்டிப் பாருங்கள் ஐயா. ஒன்றுகூடக் குறையவில்லை.