கேட் பக்கம் குறைவாகக் கேட்கும் குரல்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனர் ஸௌந்தரராஜன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஷிஃப்ட் முடிந்த கையோடு சாப்பிடாமல்கூட வந்திருக்கும் ஆலைத் தோழியரே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தம்பி கார்முகில் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். மெர்சி இருக்க வேண்டிய கூட்டத்தில் மெர்சியைப் பற்றிப் பேச என்னை நிறுத்திவிட்டீர்கள்.

மென்பொருள் பொறியாளர் மெர்சி! சேரப்பணஞ்சேரியின் மகள்! காய்ச்சல் என்று படுத்தாள், ஒரே வாரத்தில் போய்விட்டாள். என் மேசைக்கு எதிர் மேசை அவளுடையது. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வல்லம் வடகால் ஆலையில் பஸ் வந்ததும் அறிவிக்கிறதே, அந்த மென்பொருளை எழுதியவள் அவள்தான். கேன்டீனில் விண்டோஸ், அலுவலகத்தில் மேக், கேட்டில் யாரோ கழித்துப் போட்ட பழைய கணினியில் லினக்ஸ். மூன்றிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்றார் நிறுவனர். சொல்வது சுலபம் ஐயா! ஒன்றில் எழுத்து உடையும், ஒன்றில் திறக்கவே திறக்காது. "என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொல்லி நாங்கள் நழுவிவிடுவோம். மெர்சி நழுவினாளா? சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், கேட் காவலரின் ஸ்டூலில் உட்கார்ந்து சோதித்தாள்.

எல்லாம் சரியானது, கணினி படித்துச் சொல்லும் குரல் மட்டும் சரியாகவில்லை. விண்டோஸ் ஒழுங்காகப் பேசியது. லினக்ஸ் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்பியது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்தாள். "மிஷினுக்குத் தமிழ் வரலன்னா வுடுங்கக்கா. நானே பேசிட்றேன். சவுண்டு ஃபைலு எதுல வேணா ஓடும்." மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசிப் பதிவு செய்தாள்: "சிங்கப்பெருமாள் கோவில் பஸ் வந்துடுச்சு. பொறுமையா ஏறுங்க."

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையிலும் அந்தக் குரல் ஒலித்தது. அதே ஆலையில்தான் அவள் கணவர் கார்முகில் வேலை பார்க்கிறார். செத்துப்போன மனைவி ஒவ்வொரு ஷிஃப்டிலும் பஸ் ஏறச் சொன்னால் எந்த மனம் தாங்கும்? எடுத்துவிடலாம் என்றார் நிறுவனர். எடுக்காதீர்கள் என்று இந்தப் பெண்கள் அழுதார்கள். கார்முகிலைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்று நான் நிறுத்தி வைத்தேன்.

சற்றுமுன் வாசலில் அவரைக் கேட்டேன். சொன்னார்: "கேட்டாண்ட கீற மிஷின்ல மட்டும் அவ கொரலு கம்மியா கேக்குது, வசுதாக்கா. கொஞ்சம் ஏத்தி வைங்க."

தம்பி, அது மெர்சிக்கும் தெரியும். லினக்ஸில் சத்தம் குறைகிறது, திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனாள்.

இந்தச் சபை அறியச் சொல்கிறேன். விண்டோஸ் மாறட்டும், மேக் மாறட்டும், அந்தப் பழைய கணினியே செத்து வேறொன்று வரட்டும். அவள் எழுதியதை நின்றுபோக விடமாட்டோம். அவளைப் போலவே ஒவ்வொரு கணினியின் முன்னாலும் போய் உட்காருவோம். முதலில் அந்தக் கேட் கணினி. நாளைச் சாயங்காலம் நான் காவலரின் ஸ்டூலில் இருப்பேன். நீங்கள் பஸ் வரிசையின் கடைசியில் நின்று, அவள் பேசுவது கேட்கிறதா என்று எனக்குக் கையைக் காட்டுங்கள், தம்பி.