மீன்குஞ்சுகளுக்கு வேண்டிய காற்று

கோய் என்கிற வண்ணக் கெண்டை மீனின் குஞ்சுக்கு முதல் தீனி வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு. மெல்லிய துணியில் முடிந்து தண்ணீருக்குள் பிழிந்தால் பால் மாதிரிக் கலங்கி இறங்கும். கொஞ்சம் அதிகமானாலும் தண்ணீர் கெட்டுவிடும், இன்ஸ்பெக்டர் மேடம். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. எனக்குப் பொறுமை உண்டு. கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பெயர் விஜயகுமார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டின் மாடியில் நானும் என் மீன்களும். கீழே அண்ணன் அன்புராஜ். இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். அண்ணி இறந்த பிறகு ஒரு கட்டில், மூக்கில் ஒரு குழாய், கரண்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின், அவ்வளவுதான் அவன் உலகம். அவனுக்குச் சோறாக்கிப் போட்டது நான். படுக்கை விரிப்பைத் துவைத்தது நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மீன்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்: "ஏரியில கீற கெண்டைக்கு பெயிண்ட் அட்ச்சி வெச்சிக்கினு, புள்ள குட்டி மாதிரி கொஞ்சிக்கினு கீறான்." அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் அவனால் கொஞ்சம் நடக்க முடிந்தது. நான் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி உட்கார்ந்து மாடி ஏறியிருக்கிறான். என் குஞ்சுத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டான். நான் வந்து பார்த்தபோது அரிசி நொய் கொட்டியதுபோல எல்லாம் வெளுத்து மிதந்தன.

"கொசு மொய்க்குதுடா விஜி. டெங்குன்னு பஞ்சாயத்துல வந்து சொல்ட்டுப் போனாங்க. தொட்டியில போடச் சொன்னாங்க. உள்ள குஞ்சு இருந்தது என் கண்ணுக்குத் தெரிலடா."

சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பவுடர் நெடி, வேறென்ன. மூச்சு முட்டும் ஒருவன் அவ்வளவு சிரமப்பட்டு எதற்கு மாடி ஏறுவான்? அன்றைக்கும் அவனுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன்.

இந்த ஐப்பசியில் மீண்டும் முட்டையிட வைத்தேன். நைலான் கயிற்றைப் பிரித்துத் தொட்டியில் போட்டால் பெண் மீன் அதில் முட்டையை ஒட்டிவிடும். உடனே பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும். தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும். பொரித்த பிறகும் வேலை ஓயாது. முதுகு வளைந்தது, நிறம் ஏறாதது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். சில குஞ்சுகள் கூடப் பிறந்தவற்றைத் தின்றே கொழுக்கும். அவற்றைத்தான் முதலில் எடுப்பேன். யார் மேலும் வெறுப்பு வைத்துச் செய்வதில்லை. செய்ய வேண்டியது, அவ்வளவுதான்.

மழைக்காலம் என்பதால் அண்ணன் மகள் இளமதி ஓசூரிலிருந்து வந்து, மருந்துக்கடையில் சொல்லி ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். சாவியை எப்படித் திருப்புவது, மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்று எனக்குக் காட்டினாள்.

"கரண்ட் போச்சுன்னா இன்வெர்ட்டர் ஆறு மணி நேரந்தான் தாங்கும் சித்தப்பா. அப்புறம் இத மாட்டி வுட்டுடு. உன்ன நம்பித்தான் போறேன்."

"நீ நிம்மதியா போ" என்றேன்.

புயல் கரை கடந்த அன்று விடியும்போதே கரண்ட் போனது. கம்பம் சாய்ந்து கம்பி தெருவில் கிடந்தது. கீழே மெஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் என் பேட்டரி பம்ப் முற்பகலிலேயே நின்றுவிட்டது. நெருக்கமாக வளரும் குஞ்சுகள், மேடம். காற்று நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்க முடியாது. உங்களாலும் முடியாது.

நான் கீழே வந்து சிலிண்டரைத் தூக்கினேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் விஜி, அத எங்கடா தூக்கினு போற?"

"மேல கொஞ்சம் வேல கீது. இதோ வந்துட்றேன்."

குழாயை மாட்டி, நுனியில் குமிழி விடும் காற்றுக்கல்லைச் சொருகித் தொட்டியில் இறக்கினேன். குமிழி வந்ததும் குஞ்சுகள் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கின. அந்த ஒரு நிமிடத்து நிம்மதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதியம் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றது. மெஷினும் நின்றது. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு குரல் வரவில்லை. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தான். அந்த நேரத்தில் இளமதி போன் செய்தாள்.

"அப்பாவுக்கு சிலிண்டர் மாட்டிட்டியா சித்தப்பா?"

"மாட்டிட்டேன்."

"மூச்சு எப்டி கீது? போனக் குடு, பேசறேன்."

"மாஸ்க் போட்டுக்கினு தூங்கறாரும்மா. எழுப்ப வேணாம்."

பக்கத்து வீட்டு பானு குடையோடு கேட்டில் வந்து நின்றாள். "அண்ணே, பெரியவர் நல்லா கீறாரா? ஆஸ்பத்திரி போணும்னா சொல்லுங்க, எங்க ஊட்டுக்காரு வண்டி எடுக்கறேன்னாரு. உள்ள இன்னா சத்தம்?"

"ஜன்னல் காத்துல அடிச்சிக்கினு கீது" என்றேன். நனையாமல் பார்த்துப் போகச் சொன்னேன். அவள் போன பிறகு கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டேன்.

தட்டுவது நெடுநேரம் கேட்டது. பிறகு விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். மழை தணிந்ததும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு கீழே போனேன். கட்டிலிலிருந்து பாதி இறங்கிக் கிடந்தான், முகம் படிக்கட்டுப் பக்கம். தூக்கிப் படுக்க வைத்து விரிப்பை நீவிவிட்டேன். கஞ்சியை நான் குடித்தேன்.

மறுநாள் இளமதி வந்தாள். அழுது முடித்துவிட்டுச் சிலிண்டரைத் தேடினாள். மாடிக்கு வந்து தொட்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மாஸ்க்கு இன்னும் கவர்லயே கீது சித்தப்பா" என்றாள். பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கில், இப்போதுதான் பிறந்த உயிர்கள். இன்னொரு பக்கம் மருத்துவரே கைவிட்ட ஒருவன். இரண்டில் ஒன்று என்று வந்தால் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள். நான் தடுமாறாமல் முடிவெடுத்தேன். அதைக் குற்றம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் இப்போது கேட்டது நியாயமான கேள்விதான். குழாயின் நடுவில் ஒரு டி-ஜாயின்ட் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஆக்சிஜன் போயிருக்குமே என்கிறீர்கள். போயிருக்கும். குஞ்சுகளுக்குச் சின்னக் குமிழி போதும். மிச்சம் அவனுக்கு இளமதி வரும்வரை தாராளமாகத் தாங்கியிருக்கும். டி-ஜாயின்ட் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருந்தது. எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். டப்பாவைத் திறந்தேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். கீழே அவன் தட்டிக்கொண்டிருந்தான். எடுத்ததைத் திரும்ப உள்ளே போட்டு மூடிவிட்டுத் தொட்டியருகே போய் உட்கார்ந்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். அவன் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.