எண்ணெய்க் குப்பியில் தண்ணீர்

மார்ச் பன்னிரண்டு, மாலை ஐந்தரை. மொட்டைமாடியில் வண்டியை ஓட்டி முடித்து, துடைத்து, எண்ணெய்க் குப்பியை நிரப்பி, மாடியறையில் வைத்துப் பூட்டினார் என் கணவர் லோகநாதன். “பால் வாங்கினு வந்துடறேன், அடுப்புல தண்ணி வை” என்றார். பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சாலையில் அந்நேரம் ஆள் குறைவு. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்... ஏரியைப் பார்க்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் கடந்து போனார்களாம். ஆறே காலுக்குத்தான் ஒருவர் தொட்டுப் பார்த்தார்.

நேற்றிரவு கரண்ட் போய் அக்கம்பக்கத்தார் எல்லோரும் எங்கள் மாடியில் கூடியபோது இதைச் சொன்னேன். சொன்னபடியே எழுதுகிறேன்.

வண்டி என்றால் ரயில் எஞ்சின். டார்ஜிலிங் மலை ரயிலைப் பார்த்து, முழ நீளத்தில், அம்பத்தூர் பட்டறையில் ஆறு வருடம் அவரே கடைந்து செய்தது. ஸ்பிரிட் எரிந்து, தண்ணீர் கொதித்து, நிஜ நீராவியில் ஓடும். எண்ணெய்க் குப்பி விரல் நுனி அளவு. ஓடும்போது நீராவி அதற்குள் போய்த் தண்ணீராகி, எண்ணெயைச் சிலிண்டருக்குத் தள்ளும். திறந்தால் தெரிந்துவிடும். எண்ணெய் இருந்தால் ஓடவில்லை. தண்ணீர் இருந்தால்... ஓடியிருக்கிறது.

காரியம் முடிந்து மாடியறையைத் திறந்தேன். சுட்ட எண்ணெய் வாசனை. குப்பியைத் திருகினேன்.

தண்ணீர்.

“ஆன்ட்டி, நாம உக்காந்துகினு கீறது அந்த ரூமாண்டதானே?” என்று பக்கத்து வீட்டு லாவண்யா தள்ளி உட்கார்ந்தாள்.

அறைக்கு இரண்டு சாவி. இன்னொன்று பட்டறைத் தோழன் கஜபதியிடம். சாவு வீட்டிலேயே, “வண்டிய வித்துடாதீங்க அண்ணி” என்றவன். வெளிப் படிக்கட்டு வழியே அவன் வந்துபோனால் எனக்குத் தெரியாது. துடைத்து எண்ணெய் ஊற்றினேன். மறுநாள் தண்ணீர். அதற்கடுத்த நாளும். கூப்பிட்டுக் கேட்டேன்.

“சத்தியமா நான் தொடல அண்ணி.”

“தொடாமதான் தண்ணியாச்சா?”

“அண்ணன் ஊட்டுல துன்னவன் நான்... என்னப் போயி...” சாவியை மேசையில் வைத்தான். செருப்பு மாட்டும்போது சொன்னான்: “ஓடணும்னா ஸ்பிரிட்டு வேணுமே. அத பாத்தீங்களா?”

முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தினேன்.

அன்றே வண்டியைக் கீழே கொண்டுவந்து பீரோவில் பூட்டினேன். சாவி என் இடுப்பில். மறுநாள் மாலை ஆறே கால்... பீரோவுக்குள் டிக்... டிக்... சூடான பித்தளை ஆறும்போது வரும் சத்தம். திறந்தேன். பாய்லர் வெதுவெதுவென்றிருந்தது. குப்பியில் தண்ணீர்.

அப்போதுதான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன். ஒவ்வொரு முறை ஓட்டியதும், மிச்சம் நிற்கும் இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுவது அவர் வழக்கம்.

எட்டு மாதமாகிறது. கஜபதி என் போனை எடுப்பதில்லை. நான் தினமும் எண்ணெய் ஊற்றுகிறேன். ஸ்பிரிட், மார்ச் பன்னிரண்டு என்று அவர் எழுதிய கோட்டில்தான் நிற்கிறது.