பதினெட்டுக் கண்

வன்னி வெயிலில் கம்பளிச் சட்டையை யார் போடுவது என்று நீங்களும் கேட்டீர்கள் ஐயா. நாங்கள் போடுவதில்லை. குளிரான நுவரெலியாவுக்கு அனுப்புகிறோம். புதுக்குடியிருப்புப் பக்கத்துச் செம்மறிகளின் மயிரைக் கழுவி, நூலாக்கி, சாயம் போடாமல் பின்னுகிறோம். ஒரு வரிசைக்கு எத்தனை பின்னல் கண், எங்கே குறைப்பது என்று கட்டத்தாளில் மாதிரி வரைவது என் வேலை.

மாதிரிகள் எல்லாம் என் மனைவி கிருசாந்தினியின் கை இறுக்கத்தை அளவாக வைத்து வரைந்தவை. அவள் நாயாற்றுக்காரி. கிழிந்த மீன்வலை பொத்திப் பழகிய கை. ஒவ்வொரு கண்ணையும் ஒருதரம் கூடுதலாக இழுப்பாள். மற்றப் பெண்களுக்குப் பதினாறு கண் வரும் அகலத்தில் அவளுக்குப் பதினெட்டு வரும். இருட்டில் தடவினாலும் அவள் பின்னியதை நான் அறிவேன்.

போன வருடம் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கென்று தொடங்கிய சட்டை பாதியில் நின்றது. தொழிற்கூட அலுமாரியில் வைத்திருந்தேன்.

சுமித்திரா அவளிடம் பின்னல் பழகியவள். கிருசாந்தினியின் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும், எனக்குத் தெரியாமல் அலுமாரியிலிருந்து எடுத்த அந்தச் சட்டையை முழுதாகப் பின்னிக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அண்ணை, அக்கா எங்க விட்டவா, நான் எங்க பிடிச்சனான் எண்டு சொல்லுங்கோ பாப்பம். சொன்னா தேத்தண்ணியோட ரோல்ஸ் வாங்கித் தாறன்.”

தடவினேன். எண்ணினேன். அடியிலிருந்து கழுத்துவரை எங்கும் பதினெட்டு.

“நீயே சொல்லு.”

“எனக்கே தெரியேல்லை அண்ணை. நாலு மாசம் அவாவைப் போலவே இழுத்து இழுத்துப் பழகினனான்” என்று சிரித்தாள்.

அவளில் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பிள்ளை.

மறுநாள் ஈரக் கம்பளியைப் பிழிந்தோம். அவள் பிழியும் பொறியின் இரும்பு உருளைகளுக்கிடையில் கொடுக்க, நான் கைப்பிடியைச் சுற்றினேன். அவளுடைய வலக்கை விரல்நுனிகள் கம்பளியோடு உள்ளே போயின. “அண்ணை, நிப்பாட்டுங்கோ” என்றாள். தெளிவாகக் கேட்டது. மணிக்கட்டுவரை சுற்றினேன். பிறகு மறுபக்கம் சுற்றிக் கையை எடுத்து, துவாயால் கட்டி, நானே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

விரல்கள் இனி மடங்காதாம். தற்செயலாக நடந்தது என்று அவள் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள், அண்ணை பாவமாம். பொலிஸ் வாக்குமூலத்தில் அந்த வரியை வெட்டிவிடுங்கள். கைப்பிடி வழுக்கவில்லை. என் மனைவியின் கை ஒன்றுதான் இருந்தது. அதை இன்னொருத்தி வைத்திருக்க நான் விடவில்லை. இன்றைக்கும் விடமாட்டேன்.

இடக்கையால் பின்னப் பழகப்போவதாகத் தாதியிடம் சொன்னாளாம். பழகட்டும். நான் நியாயம் தெரியாதவன் அல்ல. பதினாறு வந்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.